கஞ்சி ஆறித்தான் இருந்தது

அனுப்புநர்:
த. லோகப்பிரியா,
சின்னக்கரட்டுப்பாளையம்,
பெரியநாயக்கன்பாளையம் வழி,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
வேளாண்மை இணை இயக்குநர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: தட்டைப்பயறுக்கான ரைசோபியத்தைக் கொண்டைக்கடலைக்கு என்று விற்று, பழியை என் தாயார் மீது போட்ட 'சுவர்ணவேர்' உயிர் உர நிறுவன உரிமையாளர் திரு. கிருபாசங்கர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நுண்ணுயிரியல் இளங்கலை முடித்த நான், படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறேன். என் தாயார் சென்னியம்மாள் எங்கள் ஊரில் விதை நேர்த்தி செய்பவர். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்னும் வேர்முடிச்சு பாக்டீரியாப் பொட்டலத்தைக் கரைத்து, விதையை அதில் புரட்டி, நிழலில் உலர்த்திக் கொடுப்பார். ஊரில் பாதிக் காடு அவர் கைபட்ட விதையில் முளைத்ததுதான்.

2. சென்ற ஐப்பசியில் சுவர்ணவேர் பொட்டலம் கலந்து விதைத்த கொண்டைக்கடலைக் காடுகள் எல்லாம் மஞ்சளித்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு முடிச்சுகூட இல்லாமல் மொட்டையாக இருந்தது. முடிச்சு இருந்தால்தான் அதிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும்.

3. மார்கழித் தொடக்கத்தில் அந்நிறுவனம் கல்யாண மண்டபத்தில் நடத்திய உழவர் கூட்டத்தில் என் தாயார் எழுந்து காரணம் கேட்டார். திரு. கிருபாசங்கர் மைக்கில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏனுங்க அம்மணி, கஞ்சிய ஆத்தாம ஊத்திப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க. பாக்டீரியாவக் கொழம்பு வெச்சுப்போட்டு எங்கிட்ட வந்து கேக்கறீங்க!" மண்டபமே சிரித்தது. முன்வரிசை நாற்காலிகளில் இருந்த ஆண்களில் ஒருவர்கூட விதைக்குக் கஞ்சி காய்ச்சியவர் அல்லர். அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

4. அதன் பிறகு யாரும் என் தாயாரை விதைக்குக் கூப்பிடுவதில்லை. பக்கத்துக் காட்டு காளிச்சாமி தைப்பட்ட உளுந்துக்கு வெளியூர் ஆளை அழைத்திருக்கிறார். மளிகைக் கடையில், "என்னுங்க்கா, கொழம்பு கொதிச்சுதுங்களா?" என்கிறார்கள். விரல் விட்டுப் பார்க்காமல் கஞ்சியில் எதையும் கலக்காதவர் என் தாயார். அவரே என்னிடம், "நாந்தான் கொன்னுபோட்டனா கண்ணு?" என்று கேட்டார். இந்த மனுவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

5. கடலை வேர் மண்ணில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அதற்குரிய பாக்டீரியா அதை உணர்ந்து, பதிலுக்குத் தன் மூலக்கூறு ஒன்றை அனுப்பும். அந்தப் பதிலை அடையாளம் கண்டால்தான் வேர் அதை உள்ளே விடும், முடிச்சு விழும். தட்டைப்பயறுக்கான பாக்டீரியாவைக் கடலை வேர் சேர்த்துக்கொள்ளாது. பொட்டலத்தில் இருப்பது அதுதானோ என்று ஐயப்பட்டு, வேறு பாக்டீரியா இல்லாதபடி இட்லிப் பாத்திரத்தில் அவித்த மணலைத் தொட்டிகளில் நிரப்பி, கடலையையும் தட்டைப்பயறையும் விதைத்துச் சோதித்தேன். அதே பொட்டலத்தை என் தாயாரே வழக்கம்போல் கஞ்சியில் கலந்தார். கடலை வேர் மொட்டையாகவே இருந்தது. தட்டைப்பயறு வேரில் முடிச்சுகள் திரண்டிருந்தன. நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு, வேலை செய்யும் முடிச்சின் நிறம். பொட்டலம் கலக்காத தட்டைப்பயறில் ஒன்றுமில்லை. ஆக, பாக்டீரியா உயிரோடுதான் இருந்தது, ஆனால் அது கடலைக்கு உரியதல்ல. பிரிக்காத பொட்டலம் ஒன்றையும் வேர்களையும் இணைத்துள்ளேன்.

6. இவற்றோடு திரு. கிருபாசங்கரை நேரில் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "கடலைக்கான பாக்டீரியாக் கல்ச்சர் கெட்டுப்போச்சுங்க அம்மணி, இருந்தத அடைச்சு அனுப்பிச்சோம். எல்லாம் ரைசோபியந்தானுங்களே! புதுப் பொட்டலம் தாரேன், எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் நுண்ணுயிரியல் முதுகலைப் பட்டதாரி. தெரியாமல் செய்தார் என்று யாரும் அவருக்காகப் பேச முடியாது. என் தாயார் மண்டபத்தில் எழுந்து நின்றபோதும் அவருக்கு உண்மை தெரியும்.

7. ஆகவே பொட்டலத்தைத் தங்கள் ஆய்வகத்தில் சோதித்து, அவரது உரிமத்தை ரத்து செய்யக் கோருகிறேன். அது மட்டும் போதாது. தங்கள் முன்னிலையில் அதே மண்டபத்தில் கூட்டம் கூட்டி, அதே மைக்கில், 'சென்னியம்மாள் மீது தவறில்லை, பொய் சொன்னது நான்தான்' என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். முன்பு சிரித்தவர்கள் அனைவரையும் அழைக்க வேண்டும். அவர் தனியாக வந்து மன்னிப்புக் கேட்டால் நாங்கள் ஏற்க மாட்டோம். சமாதானம் பேச யாரையும் அனுப்ப வேண்டாம் என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவர் தலை குனிவதை என் தாயார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கான நாளைத் தாங்கள் குறித்துத் தரும் வரை திங்கள்தோறும் தங்கள் அலுவலக வாசலில் நாங்கள் இருவரும் நிற்போம்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 19.01.2026

விட்டுக்கொடுக்க விருப்பமில்லாத,
(த. லோகப்பிரியா)