டீஜாவின் சான்றிதழ்

மாருவா நகரம், பள்ளிப் பெண்கள் விடுதி
நவம்பர் 12

அன்புள்ள டீஜா அக்காவுக்கு,

இந்த முறை எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். நீ வழக்கமாகக் கேட்பதற்கு முதலில் பதில்: கணக்கில் நீ இருபதுக்குப் பதினேழு. வரலாற்றில் பத்தொன்பது. வகுப்பில் நீதான் முதல்!

மாட்டுப் பட்டியில் பிறந்த எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பால் விற்கப் பள்ளியை விட்ட உனக்கு இருந்தது. அதைக் காட்டிப் பெரியப்பா உன் பெயரில் என்னைப் பள்ளியில் சேர்த்துப் பத்து வருடமாகிறது. இங்கே யாருக்கும் அஸ்தாவைத் தெரியாது. "பத்தொன்பது வயசுக்கு இவ்வளவுதான் வளர்த்தியா?" என்று விடுதிக் காப்பாளர் கேலி செய்கிறார். எனக்குப் பதினாறு என்று எப்படிச் சொல்வது?

டிசம்பர் பத்து, மனித உரிமை நாள். பள்ளி விழாவில் மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாவது பிரிவை நான் ஒப்பிக்க வேண்டும்: எங்கிருந்தாலும் சட்டத்தின் முன் ஒரு மனிதராக ஏற்கப்படும் உரிமை எல்லோருக்கும் உண்டு. "டீஜா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் ஆசிரியை. எனக்குத் தெரியும், ஆனால் நாக்கு எழவில்லை. "வாயில என்ன, வேர்க்கடலையா?" என்றார். அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

உன் தங்கை,
அஸ்தா

நவம்பர் 24

அடியே அஸ்தா,

மூணாவதோட நின்னவ நான், பேசுற மாதிரிதான் எழுத வரும். பதினேழுதானா? பால் அளக்கிறப்ப எங்கிட்ட ஒரு சொட்டு தப்பாது. எம் பேரக் கெடுக்காதடி.

புது ஆஸ்பத்திரியில பிரசவ உதவிக்கு ஆள் எடுக்கறாங்க. என்னையும் சேத்துக்கிட்டாங்க. ஜனவரிக்குள்ள அடையாள அட்டை வேணுமாம். எடுக்கப் போனேன். "இந்தப் பேர்ல மாருவாவுல படிக்கிற பொண்ணுக்குக் குடுத்தாச்சு. நீ யாரு?"ன்னார் அங்க இருந்தவர். நாந்தான் டீஜான்னேன். "அப்படியா? இதப் படி"ன்னு ஒரு தாள நீட்டினார். நான் எழுத்துக்கூட்டறதப் பாத்துச் சிரிச்சுட்டார். "பத்தாவது படிக்கிற பொண்ணு இப்படித்தான் படிக்குமா?"

என் பேரச் சொன்னதுக்கு என்னயே திருடின்னுட்டாங்க அஸ்தா.

"அவ பரீட்சை முடியட்டும்"கறார் அப்பா. நீ ஒண்ணும் பண்ண வேணாம். நல்லா எழுது. ஆனா இனிமே எனக்கு எத்தனை மார்க்குன்னு மட்டும் சொல்லாத.

டீஜா (நெசமானவ)

மாருவா
டிசம்பர் 10

அன்புள்ள டீஜா அக்காவுக்கு,

நான் ஒப்பிக்கவில்லை. விழா தொடங்கும் முன்பே தலைமையாசிரியை அறைக்குப் போய், "மேடம், நான் டீஜா இல்ல, அஸ்தா" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "இங்க உன்ன மாதிரி எத்தனை டீஜா இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? ஜூன் பரீட்சை வரைக்கும் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"அக்காவுக்கு ஜனவரியில வேணும், மேடம்."

அவர் பெட்டியைத் திறந்து உன் சான்றிதழை எடுத்தார். நீதான் டீஜா என்று முத்திரையிட்ட கடிதமும் கொடுத்தார். இரண்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். எனக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், நான் பிறந்ததைப் பார்த்த இருவர் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டுமாம். தொப்புள்கொடி அறுத்த பெரியம்மாவையும் இன்னொருவரையும் அழைத்து வா. இந்த வருடம் எனக்குப் பரீட்சை இல்லை. வகுப்பில் உட்காரலாம், பெயரேட்டில் இடமில்லை.

அழுதேன். மதியச் சாப்பாட்டின்போது உன்மேல் கோபம்கூட வந்தது. உண்மையை எழுதுவதென்றால் அதையும் எழுதத்தானே வேண்டும்?

மாலையில் வருகை எடுக்கும்போது காப்பாளர் பழக்கத்தில் "டீஜா!" என்று கூப்பிட்டார். எனக்கும் வாய் திறந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"டீஜா எங்க?"

"வீட்ல இருக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, வரவில்லை என்று குறித்துக்கொண்டார்.

உன் தங்கை,
அஸ்தா

கையெழுத்து கோணியிருந்தால் பயத்தினால் என்று நினைக்காதே. விளக்கை அணைத்துவிட்டார்கள்.