ஊர்க் கூட்டத்தில் உன் அப்பா எடுத்த நேப்

என் அன்பு மகள் எசேதாவுக்கு அம்மா ஃபுவாதினோ எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் வேளைக்குத் தின்று, தூங்கி, எழுந்து சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படித்தான் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்கள் சுகத்தில் குறை இருக்காது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுப்பார், இது அவர் காதில் விழக்கூடாத சேதி. அதனால்தான் ஆக்லாந்துக்கு வரும் உன் அத்தை மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், கோக்கோவுக்கு அடியில் வைத்திருக்கிறேன், கோக்கோவை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் படிக்காமல் விட்டுவிடாதே.

போன வாரம் திங்கட்கிழமை ஊர்க் கூட்டம் நடந்தது. இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளுக்கொரு கதை உன் காதுக்கு வரும். நடுத் தூணில் ஊர்த் தலைவர் லெமானா, எதிர்த் தூணில் ஊருக்காகப் பேசுகிற தஃபுனா, மூலையில் கிழவர் சீமி, வடக்கே மூன்றாவது தூணில் சாய்ந்து உன் அப்பா, மற்றத் தூண்களில் மற்றக் குடும்பத் தலைவர்கள். சமையல் கொட்டகையில் நானும் பாஸ்டரம்மாவும் இருந்தோம். சுவரில்லாத கூட்ட வீட்டில் எதை மறைக்க முடியும், எனக்கு எல்லாம் தெரிந்தது. காவா பானம் சுற்றி முடிந்து, கல்லடுப்பில் வெந்த ஈரப்பலாவும் பன்றியும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் போன பிறகு பேச்சு தொடங்கியது. கோவிலுக்குப் புது மண்டபம் கட்டுகிறோம் அல்லவா, ஆகஸ்டில் திறப்பு, அன்று கடைசி நடனம் யார் ஆடுவது என்பதுதான் பேச்சு. லெமானாவின் மகள் ஆட வேண்டியது, அவள் மாசமாக இருக்கிறாள். அப்போது தஃபுனா, நம் ஃபலேதோயின் மகள் எசேதா வந்து ஆடினால் என்ன என்று கேட்டார். உன் அப்பா கண்ணை மூடித் தூணில் சாய்ந்திருந்தார். தஃபுனா திரும்பவும், என்ன ஃபலேதோய், மகள் வருவாளா என்று கேட்டார். உன் அப்பாவின் தலை மெதுவாகக் கீழே போயிற்று, மேலே வந்தது, மறுபடி கீழே போயிற்று. எல்லாரும் கைதட்டிவிட்டார்கள், ஃபலேதோய் சொல் கொடுத்தாயிற்று என்று முடிவாகிவிட்டது.

சீமிக் கிழவருக்கு வாய் சும்மா இருக்குமா. "தலையாட்டலய்யா, தூங்கி வழியுறாரு" என்றார். கூட்ட வீடே சிரித்தது. கூட்டத்தில் தூங்கினவன் ஒரு பன்றியும் ஒரு பெட்டி மீன் டின்னும் அபராதம் கொடுக்க வேண்டும், அவன் தலையாட்டினதும் கணக்கில் வராது, இது உனக்குத் தெரியாததல்ல. உன் அப்பா கண்ணைத் திறந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கோவிலில் வேதம் வாசிக்கிற குரலில் சொன்னார், "நான் தூங்கல. நேப் எடுத்தேன்."

இது உன்னால் வந்தது மகளே. நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் நேப் உண்டு என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் தூக்கம் என்ற சொல்லே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து ஊரே பாயை விரித்துத் தூங்கும்போது உன் அப்பா மட்டும் நேப் எடுக்கிறார். குறட்டையில் கோழிகள் கலைந்து ஓடுகின்றன, எழுப்பினால் நேப்பைக் கெடுத்துவிட்டாய் என்கிறார். நான் உன் பள்ளிக்கூட அகராதியை எடுத்துப் பார்த்தேன். பகலில் கொஞ்ச நேரம் தூங்குவது நேப், தூங்கப்போகிறேன் என்று தெரிந்தே தூங்குவது. உட்கார்ந்த இடத்தில் தானாக வந்து ஆளைச் சாய்ப்பதற்கு டோஸ் என்று வேறு சொல் இருக்கிறது. மாலை ஜெபம் வரைக்கும் நீள்வதற்கு எந்தப் பக்கத்திலும் நேப் என்று போடவில்லை என்று படித்தும் காட்டினேன். அகராதியை வீட்டு வேலை செய்யாதவர்கள் எழுதியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கூட்டத்தில் தஃபுனா விடுவாரா, அதென்ன நேப் என்றார். "கண்ணு மட்டுந்தான் தூங்கும், காது வேலை பாக்கும்" என்று உன் அப்பா விளக்கம் சொன்னார், ஆக்லாந்தில் டாக்டர்களே எடுக்கச் சொல்கிறார்கள், என் மகள் அந்த வேலையில்தான் இருக்கிறாள் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

"அப்ப நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"தலைய ஆட்டுனது யாரு, நீங்களா, நேப்பா?"

"நான்தான்."

லெமானா, நம் ஊரில் நேப்புக்கு அபராதம் கிடையாது, அதனால் சொல் நிற்கிறது என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் யார் கண் செருகினாலும் நேப்தான். போன ஞாயிறு பாஸ்டர் அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து ஐத்திகுவின் கதையை எடுத்தார், பவுல் பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னலிலிருந்து தூங்கி விழுந்தானே, அவன். அவன் நேப் எடுத்ததாக வேதத்தில் எழுதியிருக்கவில்லை என்று சொல்லி எங்கள் வரிசையைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், உன் அப்பா ஆமென் என்றார்.

இப்போது யாருக்கும் தெரியாததைச் சொல்கிறேன். உன் அப்பா தூங்குவதை இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துப் பார்த்தவள் நான். தூங்கினால் கீழுதடு தொங்கும், மூக்கில் விசில் வரும், கையில் எதைக் கொடுத்தாலும் நழுவிவிடும். அன்று உதடு இறுக மூடியிருந்தது. விரல் தாழம்பாயின் ஒரு இழையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. ஈரப்பலாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தூங்கவில்லை, நேப்பும் இல்லை டோஸும் இல்லை, முழு விழிப்பில் இருந்தார். அவர் பார்த்து வைத்த வாத்தியார் வேலை வேண்டாம் என்று நீ விமானம் ஏறினதிலிருந்து அவர் வாயில் உன்னை வா என்ற சொல் வரவில்லை, நீயும் வரட்டுமா என்று கேட்கவில்லை. போன் வந்தால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுகிறீர்கள், மழை தீர்ந்தால் நேப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஊர் கேட்டபோது வாயால் சொல்ல முடியாததைத் தலையால் சொல்லிவிட்டார், அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. மறுநாள் உன் கொசுவலையை எடுத்து வெயிலில் போட்டிருந்தார், கேட்டால் எறும்பு என்றார். அவளுக்கு வேலை இருக்கும், எழுதி நச்சரிக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். நான் எழுதுவது அதனால்தான்.

வந்தால் ஆட வேண்டும், அதையும் யோசித்துக்கொள். ஷூ போட்டுப் போட்டு உன் கால் கல்லாகியிருக்கும், ராத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் கட்டிலில் விழாமல் கொஞ்சம் முழங்காலை மடக்கிப் பழகு. தலைக் கிரீடத்தின் கனம் உனக்குத் தெரியும், கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் தேய். மெலிகிறேன் என்று பட்டினி மட்டும் கிடக்காதே, மெலிந்த பெண் ஆடினால் எங்களுக்குச் சோறு போடத் தெரியாது என்பார்கள். இடுப்பு வளையவில்லை என்றாலும் கவலைப்படாதே, கையை அழகாக வீசு, மற்றதைப் பாட்டுக்காரர்கள் சத்தத்தில் மூடிவிடுவார்கள். பகலில் தூங்கும்போது ஜன்னலுக்குத் துணி கட்டு, படுக்குமுன் ஜெபம் பண்ணு, பகல் தூக்கத்துக்கும் ஜெபம் உண்டு.

வர முடியாதென்றால் உன்மேல் எனக்குக் கோபமில்லை, லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் அப்போது என்ன நடக்கும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். மகள் சொல்லை மீறிவிட்டாள் என்று ஊர் பேச உன் அப்பா விடமாட்டார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, அன்று நான் தூங்கித்தான் போனேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். சீமிக் கிழவர் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். உன் அப்பா தினமும் சாயங்காலம் கொட்டிலுக்குப் போய்ப் பன்றிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருகிறார், எதைக் கொடுப்பது என்று இப்போதே யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா. தூங்காத தூக்கத்துக்கு அபராதம் கொடுக்கிற ஆள் இந்தத் தீவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. குளிருக்குக் காலுறை போட மறக்காதே. அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. வருகிறாயா இல்லையா, சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஃபுவாதினோ