நின்று நின்று போகும் ஜெர்மன் கார்

21 ஜனவரி 1977, வெள்ளி

காலையில் பனி. நேற்றுத் துவைத்த போர்வை இன்னும் ஈரம்.

வழக்கம்போல மாமியார் காருக்குச் சாம்பிராணி. பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிடுவது என் வேலை. காற்று இழுக்கும் குழாய் வாயிலேயே தூபக்காலைப் பிடிப்பார். "பாத்தியா மீனா, பொகைய எப்படி இழுக்குன்னு. உசிருள்ள வண்டிளா இது."

நாத்தனார் கல்யாணப் பத்திரிகை, மந்தைவெளிப் பக்கம் பாக்கி.

22, சனி

அபிராமபுரத்திலிருந்து கிளம்பி லஸ் முனைகூடத் தாண்டவில்லை. நின்றுவிட்டது. பின்னால் பஸ். ஒரு ஆள்: "பொம்பள கைல கார குட்த்தா இப்டித்தான்." இறங்கி அவரையே தள்ளச் சொன்னேன். தள்ளினார். நல்ல மனுஷன்.

கால் மணியில் தானாகச் சரியாகிவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட்டம்.

சாப்பாட்டில் மாமா (மாமனார், தி. நகர் ஜவுளிக்கடை அவர் ராஜ்ஜியம்) தீர்ப்பு: "மாப்பிள்ளை அழைப்புக்கு வாடக வண்டி சொல்லிருதேன். இத வித்துரலாம்." இவர் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்தவர் இவர். ஓட்டுவது நான். இந்த ஸ்டியரிங்கை விடுவதாக இல்லை. தவணை கேட்டேன். "வெள்ளிக்கிழம வர பாப்போம்."

24, திங்கள்

அடையாறு, மெக்கானிக் எத்திராஜ். வழியெல்லாம் காருக்கு இருமல். அவர் எதிரில் மட்டும் சமர்த்து. "இன்னாமா, நல்லாத்தானே கீது?"

பிளக், பாயிண்ட், பெட்ரோல் வரும் வழி, எல்லாம் பார்த்தார். குற்றமில்லை. "சூடாயி வந்தா நடிக்குது. தூங்கசொல்லோ புடிக்கணும். வூட்டாண்ட நான் வரேன்."

வாங்க: விரலி மஞ்சள், ஜாக்கெட் துணி, இவருக்குச் செருப்பு.

26, புதன்

குடியரசு தினம். லீவு. பனி. விடிந்ததும் எத்திராஜ். காபி கொடுத்தேன். ஸ்டார்ட் செய்ததும் இருமல். அப்பாடா, பிடிபட்டது.

சந்தேகம் காற்றளக்கும் பெட்டிமேல். உள்ளே ஒரு சின்னக் கதவு. எஞ்சின் இழுக்கும் காற்றுக்குத் தக்கபடி அது திறக்க, அதைப் பார்த்துத்தான் பெட்ரோல் போகும். எத்திராஜ் குழாயைக் கழற்றினார். அவர் விரல் தடிமன், நான் தள்ளிப் பார்த்தேன். பாதியில் ஒட்டிக்கொண்டது. பெட்டிமேல் வெந்நீர்த் துணி போட்டதும் இளகியது. குளிர்ந்தால் ஒட்டு, சூட்டில் விடுதலை.

விரலை முகர்ந்தேன். பூஜை அறை வாசனை.

எத்திராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "பில்டர் கெடைக்கலன்னு வெறும் வல கட்னது நான். பொக போட்டது பெரிம்மா. ஸ்டார்ட் பண்ணது நீ. யாரத் திட்றது?"

சாம்பிராணிப் பிசின் பெட்ரோலுக்கு அசையவில்லை. மருந்துக்கடை ஸ்பிரிட்டுக்குக் கரைந்தது. மிருதுவாகப் போய் வந்தது கதவு. எனக்கு ஆட வேண்டும்போல இருந்தது.

இனி மாமியாரிடம் யார் சொல்வது? எத்திராஜ் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

28, வெள்ளி

இரண்டு நாளாக ஒரு இருமல் இல்லை.

தூபக்காலோடு மாமியார் வந்துவிட்டார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தூபக்காலைக் கீழே வைத்தார். "நானாளா அதுக்கு மூச்ச அடச்சேன்?" கண் கலங்கிவிட்டது. சங்கடமாகப் போயிற்று. எஞ்சினை ஓடவிட்டது நான்தானே என்றேன். கொஞ்சம் பொறுத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினை ஓடவிடாமல், நாலு சக்கரத்துக்கும் புகை காட்டினார். "ஒங்க மாமாட்ட மட்டும் சொல்லிராத."

மாமா என்ன கோளாறு என்றார். தூசி என்றேன். அரை மனதாகச் சம்மதம். ஆனால் வாடகை வண்டியும் பின்னாலேயே வருமாம். அதில் அவர்.

30, ஞாயிறு

தி. நகரில் மாப்பிள்ளை அழைப்பு. காரெல்லாம் பூ. முன்னால் பேண்டு, பின்சீட்டில் மாப்பிள்ளையும் இவரும், ஸ்டியரிங்கில் பட்டுப்புடவையோடு நான். நடப்பதைவிட மெதுவான வேகம். பேண்டு காதில் ஏறவில்லை, எஞ்சின் சத்தம் மட்டும். பிள்ளையார் கோவில், மார்க்கெட், இரண்டு திருப்பம். நிற்கவில்லை.

வாடகை வண்டிதான் கொதித்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா நடந்து வந்து என் பக்கத்தில் ஏறினார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள். பிரேக்கில் கால் வைத்தேன்.

"நிறுத்தாத" என்றார் மாமா. "நம்ம கட வாசல் வழியா இன்னொரு சுத்து போ."

மாப்பிள்ளை பசிக்கிறது என்றார். மாமா காதில் விழவில்லை.