குடல் உருவிய வண்டி

என் கரிமூஞ்சிக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. நான் நலம் என்று எழுதப் பொய்யும் வரவில்லை. நீங்கள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. பிழை இருந்தால் எப்போதும்போலச் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியை நினைத்தாலே குமட்டுகிறது. அவனை நம்பித்தானே பட்டறையை விட்டேன்! வருகிற கார்களின் சைலன்சரை அறுத்து, உள்ளே இருக்கிற குடலை உருவிப் போட்டு, வெறும் கூட்டை மாட்டி அனுப்புகிறான். உறுமினால்தான் ஓட்டுகிறவனுக்குப் பெருமையாம். தொலையட்டும் என்றிருந்தேன். நேற்று நம் வண்டிக்கும் அதையே செய்து, வாசலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். மாடிவீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. இவன் பல்லைக் காட்டுகிறான். ஏண்டா இப்படி என்றால், "போங்க அண்ணி, அண்ணன் வச்சிருந்தப்ப வண்டி செத்த பொணம் மாதிரில்ல போச்சு" என்கிறான். யாரிடம் எந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று தெரியாத நாக்கு! காறித் துப்பிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

சைலன்சருக்குள் நடப்பதை நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. எஞ்சின் கத்துகிற சத்தம் ஓட்டை போட்ட குழாய் வழியாக அறைக்குள் சிதறும். சுவரில் முட்டித் திரும்பி, பின்னால் வருகிற சத்தத்தோடு மோதும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், மிச்சத்தை உள்ளே அடைத்த பஞ்சு குடித்துவிடும் என்பீர்கள். நம் சண்டை மாதிரி என்றேன். "ஆமா, அதுல நான்தான் பஞ்சு" என்றீர்கள்.

நீங்கள் ஓட்டியவரை நம் வண்டி வருவது எனக்குக் கேட்டதே இல்லை. கேட் கிறீச்சிட்டால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். அதனால் இத்தனை நாளும், சத்தம் கேட்காவிட்டால் என்ன, வந்துகொண்டுதான் இருப்பீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். நேற்று தெருமுனையில் அது உறுமியபோதே, வருவது நீங்கள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

பட்டறைக் குப்பையைக் கிளறி, நம் வண்டியின் குடலைப் பொறுக்கி வந்துவிட்டேன். கண்ணாடிப் பஞ்சு குத்திக் கையெல்லாம் அரிக்கிறது. பக்கத்துத் தெரு வெல்டர் நாளைக் காலையில் வருகிறார். எதை எங்கே வைப்பதென்று நான் சொன்னால் பற்றவைத்துத் தருவாராம். தகடு மூன்று, குழாய் இரண்டு. குழாயில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. அங்கேதான் எனக்குத் தடுமாறுகிறது.

இருக்கிற இடத்தில் இரைச்சலில்லாமல் தூங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சண்டைக்காரி

வெல்டர் வருமுன் இது ஒன்றை மட்டும் சொல்லுங்களேன்: குட்டைக் குழாய் எஞ்சின் பக்கமா, வால் பக்கமா?