ஒரு கோலுக்கு ஒரு கூடை

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ இருக்கிற இடத்தில் மைதானம் உண்டா இல்லையா, தெரியாது. இருந்தால் இந்நேரம் அங்கேயும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு விசில் ஊதிக்கொண்டிருப்பாய். உன் விளையாட்டைக் கெடுக்காமல் சுருக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியாததா?

முதலில் ஒரு மன்னிப்பு. உசிலம்பட்டியில் மாடு கட்டுகிற திடலில் நீ பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த எட்டு வருஷமும் உன்னைத் திட்டித் தீர்த்தவள் நான். பந்துக்காக இல்லை, சாணிக்காக. மாடு நின்ற இடத்தில் விளையாட வேண்டும் என்றால் காலையில் யாராவது சாணி அள்ளியாக வேண்டும். அதற்கு நீ போட்ட சட்டம், ஒரு கோலுக்கு ஒரு கூடை. நேற்று கோல் போட்டவர்தான் இன்று அள்ள வேண்டும்.

"தோத்தவன் அள்ளுனா நியாயம். கோல் போட்ட பிள்ள எதுக்குண்ணே அள்ளணும்?" என்று கேட்டேன்.

"அவனுக்குத்தான் எல்லாரும் கை தட்டிட்டாங்கள்ல. தலைக்கனம் ஏறுறதுக்குள்ள குனிஞ்சு பழகட்டும்" என்றாய். அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மதினியிடம் போய்ச் சொன்னேன்.

கொட்டாம்பட்டிக்கு முதல் மேட்ச் ஆடப் போனது ஞாபகம் இருக்கிறதா? காலிக் கோலுக்கு முன்னால் நம் பையன்கள் இரண்டு பேர் "நீ போடுடா", "இல்லடா, நீ போடு" என்று பந்தை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு நின்றார்கள். மறுநாள் கூடை தூக்கப் பயம்! அதற்குள் எதிர் டீம் வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தோற்றுவிட்டு வந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே போய்விட்டாய். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

டீம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் காலையில் வாசலில் சத்தம். பதினெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள், பந்துப் பையைக் கேட்டு. பையோடு சேர்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போய் உன் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை அண்ணே. சந்தேகம் வந்தால் ஊதிவிடுகிறேன். தப்பாக ஊதினாலும் "அத்தை ஊதிட்டாங்க, விடுறா" என்று பந்தை வைத்துவிட்டு நகர்ந்துபோகிறார்கள். அதில் என் மகனும் ஒருவன். தட்டில் ஒரு முட்டை குறைந்தால் வீட்டையே இரண்டாக்குகிற பயல்! நான் கெஞ்சியும் அடித்தும் வராத பொறுமையை உன் பந்து அவனுக்குக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு இது எனக்குப் புரியாமல் போனதே.

ஆனால் நான் எழுத வந்தது கயலைப் பற்றி. உன் மகள் நீ போனதற்கு அழவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திடலுக்கு வந்தாள், வெறி பிடித்த மாதிரி விளையாடினாள், யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து கோல், ஆறு கோல். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து அத்தனை கூடையும் தனியாக அள்ளுவாள். யாராவது கை வைத்தால், "என் கோலு, என் கூடை. தள்ளு" என்பாள். நீ இருந்தவரை அவள் அள்ளும்போதெல்லாம் கூடையின் மறுபக்கம் பிடித்தது நீதான். அந்தப் பக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பிள்ள இப்படியே இறுகிப் போயிருமோ?" என்று மதினி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அதே பயம்தான். என்ன சொல்லித் தேற்றுவது?

இதில் அந்தப் பிள்ளைகளைத்தான் கும்பிட வேண்டும். ஏழு மாதமாகப் பந்து வராமலே ஓடினார்கள், ஒருவர்கூட அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நாட்டுமருந்துக் கடைக்காரர் மகன் சாதிக், டீமிலேயே சின்னவன், பிறந்ததிலிருந்து ஒரு கோல் போட்டதில்லை. அவள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான்.

"பந்து வராதுன்னு தெரியும்ல. எதுக்குடா இம்புட்டு ஓடுற?" என்று கேட்டேன்.

"அக்கா குடுக்கும்போது நான் அங்க இருக்கணும்ல அத்தை" என்றான்.

ஒன்பது வயதுப் பையன் அண்ணே!

போன ஞாயிறு பேரையூரில் மேட்ச். ஒன்றுக்கு ஒன்று, முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. கயல் கீப்பரையும் தாண்டிவிட்டாள். கோல் காலி, தட்டினால் போதும். பந்தின் மேல் காலை வைத்து நின்றாள். திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்க சாதிக் வந்துகொண்டிருந்தான்.

"நீ போடுடா" என்றாள்.

அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. நான் விசிலைக் கடித்தே நொறுக்கியிருப்பேன்.

மறுநாள் காலை சாதிக் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான், சாணி அள்ள. "இன்னைக்கு என் கூடை அத்தை!" என்று திடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆசையில் கூடை வழிய வழிய அள்ளிவிட்டான், தூக்க முடியவில்லை. கயல் போய் மறுபக்கம் பிடித்தாள், நீ நிற்கிற பக்கம். நாலு எட்டு நடந்திருப்பாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள் அண்ணே. ஏழு மாதத்து அழுகை. பிள்ளைகள் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்துகொண்டார்கள், அவள் அழுது முடிக்கும்வரை. நான் தள்ளியே நின்றேன். அங்கே பெரியவர்களுக்கு வேலை இருக்கவில்லை.

இன்று சாயங்காலம் இன்னொரு கூத்து. கோலுக்குப் பக்கத்தில் சும்மா நின்ற என் காலில் பந்து பட்டு உள்ளே போய்விட்டது. "செல்லாது, செல்லாது" என்று கத்தினேன்.

"கோலு கோலுதான் அத்தை. காலைல கூடையோட வந்துருங்க" என்றாள் உன் மகள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு.

எட்டு வருஷம் உன்னைத் திட்டிய வாயாலேயே சொல்கிறேன். நாளைக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கூடையை நானே அள்ளுவேன். மறுபக்கம் பிடிக்கக் கயல் வாரேன்னு சொல்லியிருக்கா.

சாணிக்கு மூக்கைப் பொத்தாத
உன் தங்கச்சி,
பேச்சியம்மா