ஒன்பதாவது வேகத்தடை

மார்ச் 4

கண்ணாடிப் பாட்டில்களின் தலைமை நீதிபதியும் என் அக்காவின் ஒரே வாரிசுமான மருமகளுக்கு, மாமா எழுதுவது.

இப்போது சொல்லப்போகும் கதையை யாரும் நம்பமாட்டார்கள். மெக்கானிக் நம்பவில்லை. எழுதுகிற பேனாவே நடுவில் இரண்டு முறை மக்கர் செய்தது. ஆனாலும் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

வெளிநாடு போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன கார், சென்ற வியாழக்கிழமை, எந்தப் பாவமும் அறியாமல் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சுவரால் தாக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் சுற்றுச்சுவர். நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் நின்று கால் மரத்துப்போய், அன்றைக்குப் பார்த்து ஓரடி முன்னால் எடுத்து வைத்தது. என் வேகத்தைப் பற்றிச் சந்தேகப்படாதே. ஒரு நத்தை என்னை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, "பெரியவரே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று விசாரித்தது. போதாக்குறைக்கு அந்தத் தெரு ஒரே இரவில் ஒட்டகம் மாதிரி புதிதாக ஒரு திமிலை வேறு வளர்த்து வைத்திருந்தது. இத்தனை சதிக்கும் நடுவே உன் அத்தையைக் கீறல் இல்லாமல் டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதற்கு நீ சிலை எல்லாம் வைக்க வேண்டாம். ரிப்பேருக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுது, போதும்.

"வண்டி பொழச்சிக்கும் சார். மூணு வாரம் குடுங்க" என்கிறான் மெக்கானிக். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போகிறார். எத்தனை நாள் அவரைக் கேட்க முடியும்? வாரம் மூன்று நாள் அத்தைக்கு வண்டி வேண்டும். அதனால் விற்கிற பேச்சை மட்டும் எடுக்காதே.

சுவரை மன்னித்துவிட்ட,
உன் மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நத்தை வரைக்கும் சிரித்தேன். அப்புறம் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

பாட்டில் தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ட் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாட்டிலில் விரிசல் தேடுவதுதான் என் வேலை. உங்கள் கதையில் விரிசல் எங்கே என்று சொல்லட்டுமா? வண்டியை இழுத்துப்போக வந்தபோது மெக்கானிக் தரையைப் பார்த்திருக்கிறார். "டயர் தேஞ்ச தடமே இல்லம்மா. மாமா பிரேக்க மிதிக்கவே இல்ல" என்றார். சுவர் வருவதைப் பார்த்த மனிதர் பிரேக்கை மிதிப்பார் மாமா.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் நான்காவது வரி ஐந்தாவதின் முதுகில் ஏறிப் போகிறது. கடைசிப் பக்கத்தில் பேனா தாளை விட்டே இறங்கிவிட்டது. போன வருஷம் கண் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "கழுகு வந்து என்னிடம் கண் கடன் கேட்கிறது" என்று எழுதினீர்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

வண்டி என் பெயரில் இருக்கிறது. விற்கப்போகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 24

விரிசல் தேடும் பெண்ணுக்கு,

என் கையெழுத்தை உங்கள் பெல்ட்டில் ஓடவிட்டுப் பார்த்தாயா? நல்லது. முதுகில் ஏறினாலும் வரி ஊர் போய்ச் சேர்ந்தது அல்லவா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் சொன்னாள், "வேன் வரும்மா, அதுலயே வந்துட்டுப் போயிடலாம்" என்று. உன் அத்தை என் பக்கம் திரும்பி, "பார்சல் மாதிரி ஏத்தி எறக்குவாங்களே, அதுவா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் உயிரோடு இருக்கும்வரை நீ அந்த வேனில் ஏறப்போவதில்லை என்று சொன்னேன். பதினொரு மாதம். ஒரு நாள் தவறியதில்லை, ஒரு நாள் தாமதமில்லை.

நீ விற்கப்போவது காரை மட்டும் இல்லை. விற்றுக்கொள். உன் பெயரில்தானே இருக்கிறது.

மாமா


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

அத்தையிடம் பேசினேன். அழவைத்துவிட்டேன், அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டிலிருந்து ஒன்பது வேகத்தடை. அத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். ஒன்பது ஏறி இறங்கியதும் நீங்கள் இடது பக்கம் ஒடிப்பீர்கள், ஆஸ்பத்திரி கேட். "அவருக்கு எதுவும் பளிச்சுன்னு தெரியறதில்லடி. நான் கண்ணு, அவரு கை. ரெண்டு பேரும் சேந்தா ஒரு டிரைவர்" என்றார்கள் அத்தை. அன்றைக்கும் சரியாகத்தான் எண்ணினேன், சுவரைப் பார்த்துக் கத்துவதற்குள் ஒடித்துவிட்டார் என்று சாதிக்கிறார்கள். எண்ணி என்ன மாமா? அந்தச் சுவர் இருந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்?

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று விற்பதற்கு, ஒன்று ரிப்பேருக்கு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மெக்கானிக்கிடம் எதைக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக இன்னொரு கதை வந்தால், அதற்கப்புறம் உங்கள் கடிதம் எதையும் நான் பிரிக்கமாட்டேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 14

அன்பு மருமகளே,

வரிகள் நேராகப் போவதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. கை உன் அத்தையுடையது. வாய் மட்டும்தான் என்னுடையது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "கடைசியா ஒரு தடவ உக்காந்து பாருங்க சார்" என்றான் மெக்கானிக். உட்கார்ந்தேன். ஸ்டியரிங் தெரிந்தது. என் கை தெரிந்தது. அதற்கு அப்பால் பாலை ஊற்றி வைத்த மாதிரி ஒரே வெள்ளை. கண் டாக்டர் சொன்னதும் அதுதான். கழுகு எதுவும் வரவில்லை. பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கி, விற்கிற தாளைக் கொடுத்தேன். எது விற்கிற தாள் என்று அவனிடமே கேட்டுத்தான் கொடுத்தேன்.

நேற்று வேனில் போனோம். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். (எழுதுகிறவள் சொல்வது: வழி நெடுக டிரைவருக்கு வழி சொல்லி அவன் உயிரை எடுத்துவிட்டார். பார்சல் நான் இல்லை, இவர்தான்.)

நீ கதை வேண்டாம் என்றாய். சரி. என் முதல் கடிதம் முழுக்கப் புளுகு. சுவர் நகரவில்லை. அந்த நத்தையை நான் சந்தித்ததே இல்லை. உன் அத்தைக்குத் தோளில் சீட் பெல்ட் அழுத்திய காயம், இப்போது ஆறிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும், சின்ன விஷயம், நிஜம். அந்தத் தெருவுக்கு ஒரே இரவில் திமில் முளைத்தது உண்மைதான். நேற்று வேனில் நானும் இவளும் கையைக் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வேகத்தடைகளை எண்ணினோம்.

பத்து.

உன் மாமா