ஐஸ் கம்பெனி வெந்நீரும் ஏரி மீன்களும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அப்பா உம்மென்று இருக்கிறார் என்று மட்டும் போன கடிதத்தில் எழுதி நிறுத்திவிட்டேன், காரணத்தைச் சொன்னால் நீ அங்கே தூங்கமாட்டாய். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்தது, முழுசாகச் சொல்கிறேன் கேள்.

குளிரில் அடியில் போய்ப் படுத்துவிடுகிற ஏரி மீன்கள் இந்த வருஷம் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் மூலையில் மேலே வந்து குவிந்துவிட்டன. கல் எறிந்தாலும் நகரவில்லை. ஏரிக்கு ஏதோ நோய் என்று நடக்க வருகிறவர்கள் கிளப்பிவிட, நகராட்சிக்காரர்கள் ஏரி கேட்டைப் பூட்டி, தண்ணீர் கெட்டிருந்தால் படகு உரிமமே ரத்து என்றும் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் ஆறு சவாரிப் படகும் கரையில் கவிழ்ந்து கிடந்தன. இருபத்திரண்டு வருஷத் தொழிலாயிற்றே, மனுஷர் குழம்பில் உப்பில்லை என்றுகூடக் குறை சொல்லவில்லை, அப்போதுதான் எனக்குப் பகீரென்றது.

எந்திரம் ஓடாத வார லீவு அன்று மட்டும் ஒரு மீனைக்கூடக் காணோமே அக்கா என்று எங்கள் கம்பெனிக் காவலாளி ஒருநாள் சொன்னார், எனக்குச் சுரீரென்று உறைத்தது. மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டபோது, எந்திரத்தைக் குளிரவைத்துவிட்டுச் சூடாக வெளியே வரும் தண்ணீரை ஏரிப் பக்கம் திருப்பச் சொன்ன மகராசி வேறு யாருமில்லை, உன் அம்மாதான்! செத்த மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி உயிரோடு இருக்கிற மீனுக்கு வெந்நீர் போட்டிருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று நகராட்சி ஆய்வாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, சுத்தமான தண்ணிதாம்மா, அதுங்க சுகமா குளிர் காயுது என்று சிரித்துவிட்டார், குழாயை இப்போதே அடைக்க வேண்டாம், வெயில் வந்ததும் மாற்றினால் போதும் என்றார். தாம்தூம் என்று குதித்த முதலாளி இப்போது வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய் மீன் காட்டுகிறார்.

நேற்று கேட்டைத் திறந்தார்கள். ஊரையே ஏற்றிச் சுற்றிக்காட்டிய உன் அப்பா முதல் தடவையாக என்னை ஏற்றினார், உன்னைத் திட்டுறதா கும்பிடுறதா தெரியலடி என்றார். அந்த மூலை வந்ததும் மீனுக்கு அடிபடும் என்று துடுப்பைத் தூக்கிவிட்டார். நான் முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டுமுன் இப்படித்தான் சூடு பார்ப்பேன், அதே பதம். அழுகையும் சிரிப்புமாக வந்துவிட்டது, அப்பா என்னவோ ஏதோ என்று பயந்தே போனார்.

அங்கே குளிர் அதிகமாமே, சோம்பல்பட்டுப் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, வெந்நீர் வைத்துத் தர நான் பக்கத்தில் இல்லை. நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் பதில் போடு.

உன் அம்மா